வார்ப்பு நாளில் கம்பி எங்கே கிடந்தது?

நாகர்கோவில், கட்டமைப்புப் பொறியாளர்:

வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கம்பி எத்தனை டன் ஆகும்? அந்தக் கம்பி எந்த உயரத்தில் கிடக்க வேண்டும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தக்கலைக்குப் பக்கத்தில் நடந்ததை இங்கே எழுதுவது அதற்காகத்தான். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மாடி வீடு. முன்பக்கம் ஐந்தடி நீளும் பால்கனி, கீழே தூண் கிடையாது. சுவரோரம் 175 மி.மீ. கனம், 10 மி.மீ. கம்பி 125 மி.மீ. இடைவெளியில், மேல்பரப்பிலிருந்து 25 மி.மீ. ஆழத்தில், உள்ளே ஏழரை அடி வரை போக வேண்டும் என்று வரைந்து கொடுத்திருந்தேன். ஜூன் மாதம். மழை வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று காலை ஆறு மணிக்கே வார்ப்பைத் தொடங்கிவிட்டார்கள். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சட்டி சுமந்தவர்கள் அந்த மேல்கம்பியின் மீதே நடந்துகொண்டிருந்தார்கள். தாங்கிப் பிடிக்கக் குதிரைக் கம்பி ஒன்றுகூட வைக்கவில்லை. டேப்பை விட்டு அளந்தேன். கம்பி 90 மி.மீ. ஆழத்தில் கிடந்தது.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடிப்பரப்பிலிருந்து கம்பியின் நடு வரையுள்ள தூரம்தான் வளைவை எதிர்க்கிற பிடிமானம். அது 145 மி.மீ.-லிருந்து 80 மி.மீ. ஆகச் சுருங்கினால் பால்கனியின் பலமும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கம்பி அதே கம்பி, பில்லும் அதே பில்.

நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி என்னைவிட மூத்தவர். "முப்பது வருடமாக இப்படித்தான் வார்க்கிறோம் சார், ஒன்றும் விழவில்லை" என்றார். வீட்டுக்காரருக்கு நல்ல நேரம் போய்விடுமே என்ற கவலை. முற்றத்தில் நின்ற தென்னையைக் காட்டி, "அண்ணே, அந்த மட்டையின் நுனியைப் பிடித்துத் தொங்கினால் அடிமட்டையில் எந்தப் பக்கம் முதலில் பிளக்கும்?" என்று கேட்டேன். "மேல்பக்கம்" என்றார். சொல்லிவிட்டுப் பால்கனியைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. போட்ட கலவையை அவரே அள்ள வைத்தார். வெட்டி மிஞ்சிய கம்பிகளை வளைத்துக் குதிரை செய்து மூன்றடிக்கு ஒன்றாகக் கட்டினார்கள், நடப்பதற்குப் பலகை போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். வார்ப்பை அடியில் தாங்கி நின்ற முட்டுகளை 28 நாள் விட்டு, நுனியிலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாக எடுத்தோம். சுவரோர முட்டுகளை முதலில் எடுத்தால், நுனியில் மிஞ்சும் முட்டு கணக்கில் இல்லாத இடத்தில் ஸ்லாபை வளைத்துவிடும்.

குளச்சல், வீட்டு உரிமையாளர்:

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். சுனாமிக்குப் பிறகு, 2008-இல் கட்டினோம். பத்து வருடம்கூட ஆகவில்லை, சன்ஷேடின் அடியில் கம்பி போகிற வழியிலேயே நேர்கோடாக வெடிப்பு. பூசினோம், பெயிண்ட் அடித்தோம். அடுத்த மழைக்காலத்தில் பூச்சோடு சேர்த்துக் கான்கிரீட்டும் விழுந்தது, என் அம்மா துணி காயப்போட்டுவிட்டு நகர்ந்த இடத்தில். அன்றைக்கு என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

பார்க்க வந்த பொறியாளர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பொள்ளென்று ஒலித்த இடமெல்லாம் சாக்பீஸ் வட்டம். கம்பிக்குக் கீழே கான்கிரீட் மறைப்பு 15 மி.மீ.கூட இல்லை. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதிலாக ஜல்லித் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது, அது கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி உடைக்கிறது என்று விளக்கினார். கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்த பிறகுதான் மூடினார்கள். மேலே பூசி மறைப்பது மட்டும் வைத்தியமே அல்ல.

பிறகு மாடியில் ஓர் அறை எடுத்தபோது விட்டுக்கொடுக்கவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரக் காற்று படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்றே வகைப்படுத்துகிறது: கான்கிரீட்டின் பலத் தரம் குறைந்தது எம் 30, மறைப்பு 45 மி.மீ., சிமெண்டின் எடையில் தண்ணீர் 0.45 பங்குக்கு மேல் கூடாது. அதாவது ஒரு மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. கலவை இறுகுகிறது என்று வாளியைத் தூக்கியவரிடம் நானே போய் நின்றேன். ஒரு சந்தேகம்: மறைப்பைக் கூட்டினால், நீங்கள் சொன்ன அந்தத் தூரம் குறையாதா?

அருமனை, கொத்தனார்:

எங்கள் பக்கம் ரப்பர் தோட்டத்துச் சரிவு. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி மட்டமாக்கி, அதன்மேல் கருங்கல் அஸ்திவாரம் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். இரண்டு மழை, தென்மேற்கும் வடகிழக்கும், தாண்டியதும் கொட்டிய மண் அமுங்கியது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு, அதுவும் பள்ளத்துப் பக்கம் மட்டும். இப்போது கொட்டிய மண்ணைத் தாண்டி, பழைய தரை தட்டும் வரை தோண்டாமல் கல் வைப்பதில்லை. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி.

நாகர்கோவில், கட்டமைப்புப் பொறியாளர்:

குளச்சல் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. குறையும். 125 மி.மீ. ஸ்லாபில் 20-க்குப் பதிலாக 45 மி.மீ. மறைப்பு வைத்தால் கணக்கே மாறிவிடும். அதனால் வார்ப்பு நாளில் பெரிய கவர் பிளாக்கை மட்டும் வாங்கி வைக்கக் கூடாது, கனத்தையும் கம்பியையும் முன்கூட்டியே திருத்தி வரைய வேண்டும். உங்கள் மாடி அறையின் கனம் 150-ஆவது இருக்குமென்று நம்புகிறேன். வரைபடம் இருந்தால் எடுத்து வையுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

கருங்கல் ஊரில் திங்கட்கிழமை ஒரு பால்கனி வார்க்கிறோம். அதே மேஸ்திரிதான். குதிரைக் கம்பிகளை நேற்றே வளைத்து வைத்துவிட்டதாகப் போனில் சொன்னார். ஐந்தரைக்கு அங்கிருப்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம், டேப் கொண்டு வாருங்கள்.