ஓ பாசிட்டிவ் பிளேட்லெட் தேவை, ஒரு யோசனையும் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். என் ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். சென்னையில் மருத்துவமனையில் சேர்த்து 19 நாள் ஆகிறது. முதல் கட்ட கீமோ நடக்கிறது.

ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்), இன்று காலை 14,000. கொடுக்க வருபவரிடமிருந்து மெஷின் வழியாக பிளேட்லெட் மட்டும் எடுப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். எடை 50 கிலோவாவது இருக்க வேண்டும், மூன்று நாளாக ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. எடுத்ததை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. அதனால் எல்லாரும் ஒரே நாளில் வராமல், முறை வைத்து வந்தால் பெரிய உதவி.

அப்புறம், அவளுக்கு வாயெல்லாம் புண். நேற்று ரசம் சாதம் கேட்டாள். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "அப்புறமா சாப்பிடறேன்மா, நீ அழாத" என்று என் கன்னத்தைத் துடைக்கிறாள். ஆறவைத்த கஞ்சி மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. வெளிச் சாப்பாடும், சமைக்காத எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதைத் தாண்டி வந்த பெற்றோர் யாராவது இருந்தால், உங்கள் பிள்ளைக்கு என்ன இறங்கியது என்று சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுப்பேன்.

வார்டில் நான் ஒருத்திதான் தங்க முடியும். அவள் தூங்கியதும், இரவு ஒன்பதுக்கு மேல் பதில் போடுகிறேன்.