கடலூரில் முதல் வீடு: பத்திரச் செலவு 2.88 லட்சமாம், மதிப்பைக் குறைச்சு எழுதச் சொல்றாங்க. என்ன செய்யலாம்?

சிப்காட் ஷிப்ட்

எல்லாருக்கும் வணக்கம். செம்மண்டலம் பக்கம் ஒரு பழைய வீடு பேசி முடிச்சிருக்கோம். 1,200 சதுர அடி மனை, தரைத்தளம் மட்டும், கட்டி பதினேழு வருஷம். விலை 32 லட்சம். அட்வான்ஸ் ஒரு லட்சம் கொடுத்தாச்சு. என் பக்கமும் சரி, மனைவி பக்கமும் சரி, சொந்த வீடு வாங்கற முதல் ஆள் நாங்கதான். வீட்டுல கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் இல்லை.

பத்திரச் செலவுன்னா ஐம்பது, அறுபதாயிரம் ஆகும்னு நினைச்சிருந்தேன். நேத்து பத்திரம் எழுதறவர் காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் கணக்குப் போட்டார். 32 லட்சத்துக்கு 9 சதவீதம், 2,88,000. மனைவி அந்தத் தாளை வாங்கி நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டா. வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. எங்க சேமிப்பு, கொடுத்த அட்வான்ஸையும் சேர்த்து, மொத்தமே 7 லட்சம்தான்.

அவரே ஒரு வழியும் சொன்னார். அரசு போட்ட கைடுலைன் மதிப்புப்படி மனை 18 லட்சம், கட்டடம் 7 லட்சம், ஆக 25 லட்சம். 25க்கே பத்திரம் போட்டுட்டு மீதி 7 லட்சத்தை ரொக்கமா கொடுத்துடு, 63,000 மிச்சம்கறார். வீட்டு ஓனருக்கும் அதுதான் விருப்பம். செய்யலாமா? மனைவி பேர்ல வாங்கினா சலுகை உண்டுங்கறாங்களே? பேங்க் லோன்ல பத்திரச் செலவும் வருமா? புதுச்சேரியில ரிஜிஸ்டர் பண்ணா கம்மின்னு கூட வேலை பார்க்கிறவர் சொல்றார், அதுவும் உண்மையா?

கெடிலக்கரை

மனைவி பேர்லயே போடுங்க தம்பி, 1 சதவீதம் குறையும். எங்க சித்தி பொண்ணு அப்படித்தான் போன மாசம் மனை வாங்கினா.

பத்திர எழுத்தர் (ஓய்வு)

அந்த 1 சதவீதத்தை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் வாங்கும் சொத்துக்குப் பதிவுக்கட்டணம் 2-லிருந்து 1 ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன சித்தி மகளின் மனை அதற்குள் இருந்திருக்கும். 32 லட்சம் வீட்டுக்குக் கிடைக்காது. சலுகை கிடைக்காவிட்டாலும் மனைவி பெயரையும் சேர்த்து வாங்குங்கள் தம்பி, அது நல்லது.

புதுச்சேரி பேச்சை விட்டுவிடுங்கள். மனை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் தீர்வை. கடலூர் மனைக்குத் தமிழ்நாட்டுக் கணக்குதான்.

அந்த 9 சதவீதம் என்னவென்றால், முத்திரைத்தீர்வை 5, உள்ளாட்சிக்குப் போகும் சொத்து மாற்று வரி 2, பதிவுக்கட்டணம் 2. கைடுலைன் மதிப்பு, பேசிய விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மேல். கைடுலைன் என்பது அதற்குக் கீழே போகாதே என்று அரசு போட்ட கோடு. அதுதான் விலை என்று யாரும் சொல்லவில்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2017 ஜூனில் கைடுலைனை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக்கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள். மொத்தம் 11. 2023 ஏப்ரலில் கைடுலைனைப் பழைய நிலைக்கே உயர்த்தி, பதிவுக்கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 11 போய் 9 வந்தது என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள். கைடுலைனுக்கே பத்திரம் போடுபவர் கணக்கைப் பாருங்கள். 100 ரூபாய் மனை 67 ஆக இருந்தபோது 11 சதவீதம் 7 ரூபாய் 37 காசு. அதே மனை மறுபடி 100 ஆனதும் 9 சதவீதம் 9 ரூபாய். அதன் பிறகும் பல ஊர்களில் மதிப்பைத் திருத்தியிருக்கிறார்கள். யார் சொன்னாலும் நம்பாமல் பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன். முதல் வீடு வாங்குகிறவனுக்கு என்று நம் மாநிலத்தில் தனிச்சலுகை இல்லை. இங்கிலாந்தில் முதல் வீடு என்றால் 3 லட்சம் பவுண்டு வரை இந்த வரியே இல்லை. நம் ஊரில் மூன்றாவது வீடு வாங்கும் முதலாளிக்கும் உங்களுக்கும் ஒரே 9. இது நியாயமில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வீட்டுக்கடன் மேஜை

பேங்க்ல இதே வேலைதான் பார்க்கிறேன். தம்பி, 63,000 மிச்சம்னு சொன்னவர் கணக்குல பாதியைத்தான் காட்டியிருக்கார்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரைக்குமான வீட்டுக்கடன் சொத்து மதிப்புல அதிகபட்சம் 90 சதவீதம். அந்த மதிப்புல முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேராது. 10 லட்சத்துக்குள்ள உள்ள வீட்டுக்கு மட்டும் விலக்கு. அதாவது உங்க 2.88 லட்சம் முழுசா உங்க பையிலேருந்துதான் போகணும். சம்பளத்துல இஎம்ஐ கட்ட முடியற ஆளுங்க கூட வீடு வாங்க முடியாம நிக்கிறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். தினமும் மேஜைக்கு எதிர்ல பார்க்கிறேன், மனசு கஷ்டமா இருக்கும்.

இப்ப 32க்கே பத்திரம்னு வச்சுக்குங்க. கடன் 28.8 லட்சம் வரை போகலாம். கைக்காசு 3.2, அதோட 2.88, மொத்தம் 6.08 லட்சம்.

25க்குப் பத்திரம் போட்டா கடனும் 25 மேலதான். 22.5 லட்சம். ஓனருக்குச் சேரவேண்டியது அப்பவும் 32 தானே? கைக்காசு 9.5, பத்திரச் செலவு 2.25, மொத்தம் 11.75 லட்சம்.

63,000 மிச்சம் பிடிக்க 5.67 லட்சம் அதிகமா புரட்டணும். உங்ககிட்ட இருக்கறதே 7.

இது தவிர லீகல் ஒப்பினியன், பிராசஸிங், கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைக்கிற எம்ஓடி பதிவு எல்லாம் தனி. அதையும் எழுதி வச்சுக்குங்க.

புதுப்பாளையம் அக்கா

நான் அந்த ரொக்க வழியிலதான் போனேன், அதனால சொல்றேன். நாலு வருஷம் ஆச்சு. ரிஜிஸ்டர் அன்னைக்கு டோக்கன் வாங்கிட்டு, ஆபீஸுக்கு வெளியே கார் பின்சீட்ல உட்கார்ந்து 6 லட்சம் எண்ணிக் கொடுத்தோம். உள்ளே எங்க நம்பர் கூப்பிடறப்ப விக்கிறவர் "அஞ்சுதான் இருக்கு"ன்னார். ரசீது இல்லை, சாட்சி இல்லை. கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுந்துட்டார். என் வீட்டுக்காரர் அங்கிருந்தே தங்கச்சிக்குப் போன் போட்டு வளையலை அடகு வைக்கச் சொன்னார். இன்னும் அந்த வளையலை மீட்டுக் கொடுக்கலை.

விக்கணும்னாலும் இதே பத்திரம்தான் பேசும். நான் கொடுத்த 6 லட்சம் பத்திரத்துல இல்லாததால அதையும் லாபம்னு கணக்கு வச்சு வரி கேட்பாங்கன்னு ஆடிட்டர் சொல்லிட்டார். தம்பி, தயவுசெய்து இதுல இறங்காதே.

சிப்காட் ஷிப்ட்

அக்கா, படிச்சதும் மனைவிகிட்ட காட்டினேன். "முடியவே முடியாது, முழுசா எழுதுங்க"ன்னுட்டா. ஆனா ஓனர் ஒத்துக்கணுமே. தனக்கு வரி வரும்னுதான் ரொக்கம் கேட்கறார். இந்தக் காசுல நெய்வேலி பக்கம் தன் பேர்ல வீடு கட்டப் போறாராம்.

வீட்டுக்கடன் மேஜை

அப்ப வேலை சுலபம். வீட்டை வித்த லாபத்தை மூணு வருஷத்துக்குள்ள இன்னொரு வீடு கட்டறதுல போட்டா அந்த லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. ரெடி வீடா வாங்கினா ரெண்டு வருஷம். ரிட்டர்ன் தேதிக்குள்ள செலவாகாத பணத்தை அதுக்குன்னே உள்ள பேங்க் கணக்குல போட்டு வைக்கணும். அவர் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்க. சொத்து விற்பனையில 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம்ங்கறதையும் சொல்லுங்க. மிரட்டற மாதிரி வேண்டாம், அவரும் பெரியவர்.

நீங்க பழைய வரிமுறையில இருந்தா பத்திரச் செலவை வருமான வரியில 80சி கழிவா காட்டலாம், எல்லாம் சேர்த்து 1.5 லட்சம் வரைக்கும். பணம் கட்டின அந்த வருஷமே காட்டணும்.

தென்பெண்ணை

அண்ணா, புது அடுக்குமாடி வாங்கறவங்களுக்கும் இதே 9 தானா? தங்கைக்காகப் பார்க்கிறோம்.

பத்திர எழுத்தர் (ஓய்வு)

இல்லை. 2023 டிசம்பர் முதல், கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு மனைப்பங்கும் கட்டடமும் சேர்ந்த மதிப்பின் மேல் 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7. கட்டி முடிக்கும் முன்பே வாங்கினால் ஜிஎஸ்டி தனியாக வரும். கட்டட நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. செம்மண்டலம் தம்பியுடையது மறுவிற்பனை, அதனால் 9 தான்.

சிப்காட் ஷிப்ட்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். ஓனர் ஆடிட்டரைப் பார்த்துட்டு வந்து, முழு 32-க்கே போட்டுக்கலாம்னுட்டார். விலையில ஒரு ரூபாயும் குறைக்கலை. எங்க சம்பளத்துக்கு பேங்க் 27 லட்சம்தான் கொடுக்குது. அப்ப 5 லட்சமும் 2.88 லட்சமும், 7.88. மத்த செலவோட ஒண்ணேகால் லட்சம் குறையுது. தை மாசம் மனைவியோட சீட்டு விழுது, அதுவரைக்கும் ஓனர் டைம் கொடுத்திருக்கார், அக்ரிமென்ட்ல தேதியை மாத்தி எழுதியாச்சு.

பத்திர எழுத்தர் ஐயா, வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போட்டேன். 2004-ல ஒரு அடமானம் காட்டுது, தீர்த்த ரசீது பதிவு இல்லை. இதுக்கு ஓனர்கிட்ட என்ன வாங்கணும்?