சாவோ பாலோவில் இரண்டு வருஷ வேலை: போகலாமா, கட்டுப்படியாகுமா?

தண்டையார்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு ஃப்ரெய்ட் ஃபார்வர்டிங் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வயது 31, கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மாவும் நானும்தான். பிரேசிலில் சாவோ பாலோவில் எங்களுக்கு ஒரு கூட்டாளி கம்பெனி இருக்கிறது, அங்கே இரண்டு வருஷத்துக்கு ஓர் ஆள் வேண்டுமாம், என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். சான்டோஸ் துறைமுகத்தில் ஏறுகிற சரக்கைப் பார்க்க வேண்டும். மாதம் 11,000 ரெயால் (பிரேசில் பணம்), சம்பளம் அந்தக் கம்பெனியே கொடுக்கும். ஒரு ரெயால் 15, 16 ரூபாய் என்று வைத்தால் ஒன்றே முக்கால் லட்சம் பக்கம் வருகிறது. இங்கே வாங்குவது அதில் கால்வாசிகூட இல்லை.

துபாய், சிங்கப்பூர் என்றால் தெருவுக்கு நாலு பேர் போய்வந்தவர்கள் இருப்பார்கள், கேட்டுக்கொள்ளலாம். தென் அமெரிக்காவுக்குப் போனவர் எனக்குத் தெரிந்து யாருமே இல்லை. உலகக் கோப்பை வந்தால் எங்கள் பக்கம் பிரேசில் கொடி பறக்கும், அதோடு சரி.

மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? போர்த்துகீஸ் ஒரு வார்த்தை தெரியாது, இங்கிலீஷை வைத்து ஓட்டிவிடலாமா? யூடியூபைத் திறந்தாலே கத்தி, துப்பாக்கி என்று பயமுறுத்துகிறார்கள். அம்மா வேறு "அவ்ளோ தூரமாடா" என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் பதில் சொல்லணும்.

மணிக்கூண்டு:

தம்பி, நான் ராயபுரம். சாவோ பாலோவில்தான் இருக்கிறேன், ஐடி வேலை. முதலில் அந்த ஒன்றே முக்கால் லட்சத்தை மறந்துவிடுங்கள். 11,000-த்தில் ஐஎன்எஸ்எஸ் என்கிற சமூகக் காப்பீடு பிடிப்பார்கள், வருமான வரியின் மேல் அடுக்கு 27.5 சதவீதம், எல்லாம் போக கைக்கு 8,000 சொச்சம் வரும். மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஓரளவு நல்ல இடத்தில் ஒற்றை பெட்ரூம் வீடு என்றால் 3,000-க்குக் குறைந்து எதிர்பார்க்காதீர்கள். விளம்பரத்தில் போட்டிருக்கிற வாடகையை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. கொண்டோமினியோ என்று பராமரிப்புக் கட்டணம், ஐபிடியு என்று சொத்து வரி, இரண்டும் பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான். சாப்பாடு, போக்குவரத்து, போன் எல்லாம் போனால் ஊருக்கு அனுப்ப 40 ஆயிரம் ரூபாய் தேறினால் பெரிய விஷயம். இது கல்ஃப் கணக்கு இல்லை.

அதனால் கையெழுத்துக்கு முன்னாடி கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் சிஎல்டி முறையில்தானே? அது இங்கே தொழிலாளர் சட்டப்படியான வேலை. பதின்மூன்றாவது மாதச் சம்பளம் உண்டு, நவம்பரில் பாதி, டிசம்பரில் பாதி. ஒரு வருஷம் முடிந்தால் 30 நாள் லீவு, லீவுச் சம்பளத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் கிடைக்கும். சம்பளத்தில் 8 சதவீதத்தை முதலாளி தன் கையிலிருந்து உங்கள் பெயரில் எஃப்ஜிடிஎஸ் கணக்கில் போட வேண்டும், நம்ம பிஎஃப் போல. "பிஜே"வாக வாங்க, கைக்கு அதிகம் வரும் என்று யாராவது சொன்னால் அது கான்ட்ராக்ட் ஆள், மேலே சொன்ன எதுவும் கிடையாது, விசாவுக்கும் சரிவராது. டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு, இங்கே வந்து மாற்றிக்கலாம் என்றால் கிளம்பவே வேண்டாம். வேலை அனுமதியைக் கம்பெனி பிரேசிலில் வாங்கணும், அப்புறம்தான் இந்தியாவில் விசா.

இன்னொன்று, வாடகைக்கு ஜாமீன். சொந்த வீடு வைத்திருக்கிற ஒருத்தர் நமக்காகக் கையெழுத்துப் போடணும் என்பார்கள், புதிதாக வந்தவனுக்கு யார் போடுவார்? இல்லையென்றால் மூன்று மாத வாடகை வரை டெபாசிட், அல்லது ஜாமீன் இன்சூரன்ஸ் என்று தனிச் செலவு. இதைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். வீடு பார்க்கும்போது மெட்ரோவின் நீல வழித்தடத்தில் பாருங்கள், விலா மரியானா, சவுடே பக்கம். அதன் கடைசி ஸ்டேஷன் ஜபக்குவாராவிலேயே சான்டோஸ் பஸ் நிலையம் இருக்கிறது, மலை இறங்கினால் துறைமுகம்.

கடல்காத்து:

40 ஆயிரம் மிச்சத்துக்கு உலகத்தின் அந்தக் கோடிக்கா? நேர் விமானம்கூடக் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ மாறினால், அங்கிருந்து மட்டும் பதினாலு பதினைந்து மணி நேரம். அம்மாவுக்கு ராத்திரி ஒன்று என்றால் என்ன செய்வாய்? எண்ணூர், காட்டுப்பள்ளியில் இதே வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். மிச்சம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு. நான் போகச் சொல்ல மாட்டேன்.

பெரம்பூர் அக்கா:

எல்லோரும் பணத்தையே பேசுகிறீர்கள். வீட்டுக்காரர் வேலைக்காக அங்கே குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள் நான். தம்பி, மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சாவோ பாலோவில் 127 வோல்ட், நம்ம ஊர் மிக்ஸி அதில் முனகும், அரைக்காது. குக்கரும் வேண்டாம், அங்கே பீன்ஸ் வேகவைக்க வீட்டுக்கு வீடு குக்கர் உண்டு. புழுங்கல் அரிசி எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், உளுந்துதான் தேடணும், கறிவேப்பிலைக்கு அதைவிட அலையணும். வாரத்தில் ஒரு நாள் தெருவை அடைத்து ஃபெய்ரா சந்தை போடுவார்கள். வெண்டைக்காய், சௌசௌ, மரவள்ளி, காராமணி, பப்பாளி எல்லாம் இருக்கும். மத்தியும் மடவையும் வாங்கினால் அங்கேயே சுத்தம் செய்து கொடுப்பார்கள், காசிமேட்டு மீன் தின்ற வாய்க்கு அவ்வளவு மோசமில்லை. கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் கத்திக் கத்தி விலையைக் குறைப்பார்கள், நான் எப்பவும் அப்போதுதான் போவேன். கரும்புச்சாறும் அங்கேயே, கூட பாஸ்டெல் என்று தட்டையாக, உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பொரித்துக் கொடுப்பார்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர் என்றால் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

பயம் பற்றி: தண்டையார்பேட்டை என்றதும் தி.நகர்க்காரர் ஒரு மாதிரி பார்ப்பாரே, யூடியூபில் சாவோ பாலோவைக் காட்டுவதும் அப்படித்தான். ஆனால் போன் திருட்டு மட்டும் நிஜம். பாலிஸ்டா அவென்யூவில் நடைபாதை ஓரமாக நின்று மேப் பார்த்தால் சைக்கிளில் வருகிறவன் பறித்துக்கொண்டு போய்விடுவான். கடைக்குள்ளே போய்ப் பாருங்கள். பேங்க் ஆப் எல்லாம் வீட்டில் வைக்கிற இன்னொரு போனில் இருக்கட்டும், அங்கே நம்ம யுபிஐ போல பிக்ஸ்தான் எல்லாவற்றுக்கும்.

ஜூன், ஜூலையில் குளிரும், வீட்டுக்குள்ளே ஹீட்டரும் இருக்காது. ஒரு ஸ்வெட்டர் பெட்டியில் போடுங்கள்.

மணிக்கூண்டு:

கடல்காத்து சொல்வது தப்பில்லை, மிச்சம்தான் குறி என்றால் போகாமலே இருக்கலாம். நான் இவரைப் போகச் சொல்வது மொழிக்காக. ஆபீசில் இங்கிலீஷ் ஓடும். வெளியே வீட்டுக்காரர், டாக்டர், பேங்க், மத்திய போலீஸ் எல்லாம் போர்த்துகீஸ்தான். வந்த 90 நாளுக்குள் அந்த மத்திய போலீசிடம் பதிய வேண்டும், சிபிஎஃப் என்கிற வரி எண் இல்லாமல் வீட்டு ஒப்பந்தம்கூட நகராது. உங்கள் தொழிலில் இன்னும் மோசம், சுங்க வேலைக்கு நம்ம ஐஸ்கேட் ஆன்லைன் தளம் மாதிரி இங்கே சிஸ்கோமெக்ஸ், அதில் எல்லாமே போர்த்துகீஸ். அதைப் படித்து வேலை செய்யத் தெரிந்த ஆள் சென்னையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்கள் ஆபீசிலேயே கேட்டுப் பாருங்கள். பிரேசிலிலிருந்து சோயா எண்ணெய் வந்துகொண்டேதான் இருக்கிறது. இன்றைக்கே வகுப்பில் சேருங்கள், போர்ச்சுகல் உச்சரிப்பு வேண்டாம், பிரேசில் ஆளாகப் பாருங்கள்.

அப்புறம் ஃபுட்பால் விளையாடுவீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் போய் நில்லுங்கள், ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், மொழி பாதி அங்கேயே வந்துவிடும். கொரிந்தியன்ஸ், பால்மெய்ராஸ் என்கிற இரண்டு உள்ளூர் கிளப்புகள் மோதுகிற ஆட்டத்தன்று மட்டும் எந்த ஜெர்சியும் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறாதீர்கள். 2016-லிருந்து அந்த மாதிரி ஆட்டங்களுக்கு உள்ளூர் அணி ரசிகர்களை மட்டும்தான் ஸ்டேடியத்துக்குள் விடுகிறார்கள், அந்த அளவுக்கு அடிதடி.

தண்டையார்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வாடகை ஜாமீனை எழுதிக் கொடுத்தால் போகிறேன், இல்லையென்றால் இல்லை என்று எச்.ஆரிடம் சொல்லப்போகிறேன். அம்மாவை நடுவில் கூப்பிட முடியுமா? ஏதோ ஊசி போடணும் என்கிறார்களே?

பெரம்பூர் அக்கா:

கூப்பிடலாம். 2017 குடியேற்றச் சட்டத்தில் பெற்றோருக்கும் குடும்ப விசாவுக்கு வழி உண்டு, சும்மா பார்க்க வருவதென்றால் விசிட் விசாவே போதும். பேச நேரம் பிரச்சினையில்லை, இங்கே சாயங்காலம் ஆறு என்றால் அங்கே காலை ஒன்பதரை.

ஊசி மஞ்சள் காய்ச்சலுக்கு. பிரேசிலிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், துறைமுக சுகாதார அலுவலகம் உங்கள் ராஜாஜி சாலையிலேயே இருக்கிறது, போன் செய்து நாள் கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், டிக்கெட்டுக்கு முந்தின வாரம் ஓடாதீர்கள். அம்மாவுக்கு 60 தாண்டியிருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.