தெரிந்த கேள்வியில்தான் மார்க்கை விட்டேன்

அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு முதல் தடவை கைவிட்டுப் போனபோது, படித்தது போதவில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாள் ஒன்றை வீட்டிலேயே கடிகாரம் வைத்து எழுதினேன். 61 தப்பு. சிவப்புப் பேனாவோடு ஒவ்வொன்றாகப் பார்த்தால், அதில் 23 எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ‘தவறான இணை எது’ என்று கேட்டிருந்தார்கள். நான் கண்ணில் பட்ட முதல் சரியான இணையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். 200 கேள்விக்கு 3 மணி நேரம், அதாவது ஒன்றுக்கு 54 நொடி. அந்த அவசரத்தில் கேள்வியைப் பார்த்தேனே தவிர, படிக்கவில்லை.

கூற்று, காரணம் கேள்விகளில் நிலைமை இன்னும் மோசம். இரண்டும் சரியா, காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கமா என்று கேட்பார்கள். கூற்று: அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. காரணம்: அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26 அன்று அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு தேதியும் சரி என்றதும் கை தானாக ‘சரியான விளக்கம்’ பக்கம் போய்விடும். இப்போது நடுவில் ‘ஏனென்றால்’ என்று ஒரு சொல்லைப் போட்டு மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். நவம்பரில் ஏற்றுக்கொண்டதால் ஜனவரி 26 வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒட்டவில்லை, இல்லையா? 1930 ஜனவரி 26 பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடப்பட்டது, அதனால்தான் அந்தத் தேதி. ‘ஏனென்றால்’ ஒட்டாவிட்டால் அது விளக்கம் இல்லை.

படிக்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. என் பள்ளிப் புத்தகங்களைப் பார்த்தால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசியிருக்கும். எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் எதற்கும் போடாத மாதிரிதான். வாட்ஸ்அப்பில் வந்த ஒருவரிக் குறிப்புகள் வேறு. ‘வேலூர் புரட்சி – 1806 ஜூலை 10’, அவ்வளவுதான், அடுத்த வரி.

ஒருநாள் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சும்மா இருக்கட்டும் என்று வேலூர் பாடத்தை அவரிடம் கதையாகச் சொன்னேன். புதுத் தலைப்பாகை போடச் சொன்னார்கள், சிப்பாய்கள் கொதித்துவிட்டார்கள் என்றேன். அம்மா நிமிரவே இல்லை. “தலைப்பாகைக்கா கோட்டையைப் பிடிச்சாங்க?” என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் எல்லாமே இருக்கிறது: தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம், நெற்றியில் சமயக் குறி வைக்கக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், அதே கோட்டையில் திப்புவின் பிள்ளைகள். நான் மஞ்சள் பூசிய வரிகள்தான் அத்தனையும். அன்றிலிருந்து ஒரு பத்தி படிப்பேன், புத்தகத்தை மூடுவேன், அம்மாவிடம் சொல்வேன். அவர் ‘ஏன்’ என்று கேட்கும் இடத்தில் தடுமாறினால் மறுபடி திறப்பேன். ஒரு நாளைக்கு 4 பக்கம்தான் நகரும். முன்பு 30 பக்கம் ‘முடித்த’ ஆள் நான்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன மாத மாதிரித் தேர்வில் தெரிந்திருந்தும் தவறவிட்டவை 23-லிருந்து 6 ஆகியிருக்கின்றன, அவ்வளவே.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். ‘தவறான’ விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. வீட்டில் எழுதும்போது ‘தவறான’, ‘அல்லாத’, ‘பொருந்தாத’ எல்லாவற்றையும் பென்சிலால் வட்டம் போட்டுப் பழகினேன். தேர்வறையில் வினாத்தாளில் விடையைக் குறிக்கக் கூடாது என்பதால், எதற்கு வம்பு என்று அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துப் படித்தேன். பக்கத்து பெஞ்சுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

இன்னொன்று. தமிழ்ப் பகுதி 150 மார்க், அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் நமக்குத் தெரியாதா என்று கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தேன். உரைப்பகுதி கேள்விகளில் நன்றாகத் திணறினேன். முதலில் கேள்விகளைப் படித்துவிட்டு அப்புறம் பத்திக்குப் போயிருந்தால் பாதி நேரம் மிஞ்சியிருக்கும்.

*

எங்கள் வீட்டில் 9 பேர். யாரிடம் கதை சொல்வது? சொன்னால் கேலிதான். மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விடுகிறேன். போனை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். முதல் வாரம் கை தன்னால் சட்டைப் பையைத் தடவியது. மேலே எழுதியவர் சொன்ன மாதிரி நானும் பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளில்தான் தொடங்குகிறேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் கண் வரி மேல் வழுக்கிப் போவதில்லை. சொல்லிப் பார்க்க ஆள் இல்லாததால் ஒரு பழைய நோட்டில் பார்க்காமல் 5 வரி எழுதுகிறேன். அது போதுமா அக்கா?

*

தாராளமாகப் போதும் தம்பி. நோட்டு உங்களைக் குறுக்குக் கேள்வி கேட்காது, அது ஒன்றுதான் குறை. நேற்று சாப்பிடும்போது அம்மா திடீரென்று, “அந்தத் திப்பு பிள்ளைங்க அப்புறம் என்ன ஆனாங்க?” என்றார். சோற்றுக் கையோடு போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்த வரிக்கு நான் மஞ்சள் பூசவே இல்லை.