பட்டர்வொர்த் பக்கம் போகும் சரக்கு ரயில்: நேரம், நம்பர் எப்படித் தெரிந்துகொள்வது?

இரவுஷிஃப்ட்_பிறை

எல்லாருக்கும் வணக்கம். வீடு மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் புக்கிட் தெங்காவில், வேலை பக்கத்துப் பிறை தொழிற்பேட்டையில், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். காலையில் மோட்டாரில் திரும்பும் வழியில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம் ஏற வேண்டும். சில நாள் கீழே கண்டெய்னர் ரயில் நீளமாக ஊர்ந்துகொண்டிருக்கும். சில நாள் ஒன்றுமே இருக்காது. கேடிஎம் (மலேசிய ரயில் நிறுவனம்) செயலியில் இடிஎஸ் என்கிற தூர விரைவு மின்ரயில், கொமுட்டர் என்கிற உள்ளூர் மின்ரயில் நேரம்தான் வருகிறது, சரக்கு ரயிலைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கேள்வி மூன்று. சரக்கு ரயிலுக்கு நம்பர் உண்டா? எஞ்சின் பக்கவாட்டில் 29 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் பார்க்கிறேன், எப்போதாவது 26 என்று தொடங்குகிறது. அது ரயில் நம்பரா? மேலே மின்கம்பி இருக்கும்போது இவை மட்டும் ஏன் டீசலில் ஓடுகின்றன? கூட வேலை செய்கிற பையன்கள் சிரிக்கிறார்கள், "இதுக்குப் போய் தூக்கத்தைக் கெடுத்துக்கிறியே" என்று. பரவாயில்லை, பதில் தெரிந்தால் போதும்.

பழைய_ஃபார்வர்டிங்

தம்பி, உன்னைப் போல ஆளைப் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு. பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபார்வர்டிங், அதாவது சரக்கு அனுப்பும் ஏஜென்சி வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். ரயிலை ரசித்ததைவிட, அதில் வரவேண்டிய சரக்கு வரவில்லையே என்று திட்டியதுதான் அதிகம்.

நம்பர் உண்டு. எல்லா ரயிலுக்கும் உண்டு. ஆனால் சரக்கு ரயில் நம்பர் ஊழியர்களுக்கான கால அட்டவணையில் இருக்கும், வெளியே ஒட்ட மாட்டார்கள். டிக்கெட் விற்காத வண்டிக்கு ஏன் விளம்பரம்? நீ பார்த்த ஐந்து இலக்கம் எஞ்சினுடைய எண். முதல் இரண்டு இலக்கம் எந்த வகை என்பதைச் சொல்லும். 29 என்றால் சீனாவின் டாலியானில் செய்தது, 29101 முதல் 29120 வரை இருபது எஞ்சின். 26 என்றால் ப்ளூ டைகர் என்கிற வகை, அதுவும் இருபதுதான், 26101இல் தொடங்கும். ஆக எஞ்சின் எண்ணைப் பார்த்து ரயில் எங்கே போகிறது என்று சொல்ல முடியாது. இன்று தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார், நாளை தெற்கே கிள்ளான்.

டீசல் விஷயம் சுலபம். துறைமுகத்தில் கிரேன் கண்டெய்னரைத் தூக்கும் இடத்தில் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி தொங்கினால் என்ன ஆகும், யோசித்துப் பார். சரக்கு ஏற்றி இறக்கும் இடமெல்லாம் அப்படித்தான். மின்சாரம் இடிஎஸ், கொமுட்டர் மாதிரி பயணிகள் வண்டிக்கு.

இப்போது உனக்கு உண்மையாகவே உதவும் சங்கதிக்கு வருகிறேன். எஞ்சினை விடு, கண்டெய்னரைப் படி. ஒவ்வொன்றிலும் நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் போட்டு ஒரு தனி இலக்கம் இருக்கும். முதல் மூன்று எழுத்து சொந்தக்காரர் யார் என்பது. நான்காவது எழுத்து பெரும்பாலும் 'யு', சரக்கு கண்டெய்னர் என்று அர்த்தம். எம்எஸ்சியு என்றால் எம்எஸ்சி கப்பல் கம்பெனி, எம்ஏஇயு என்றால் மெர்ஸ்க். கட்டத்தில் உள்ள இலக்கம் முன்னால் உள்ள எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நீ ஓடும் ரயிலில் 3ஐ 8 என்று தப்பாகப் படித்தால் அந்தக் கணக்கு உதைக்கும். கப்பல் கம்பெனியின் தேடல் பக்கமும் அப்படி ஒரு எண்ணே இல்லை என்று சொல்லிவிடும். அதற்குக் கீழே 22ஜி1 என்றிருந்தால் இருபது அடி, 45ஜி1 என்றிருந்தால் நாற்பது அடி உயரப் பெட்டி.

போட்டோ எடு, வீட்டுக்குப் போய் எண்ணை அந்தந்தக் கம்பெனி இணையப் பக்கத்தில் தட்டு. எந்தத் துறைமுகத்தில் ஏறப்போகிறது, எங்கே இறங்கியது, பெரும்பாலும் வந்துவிடும். தெற்குத் தாய்லாந்தின் ரப்பர் பாடாங் பெசார் வழியாக ரயிலில் வந்து பினாங்கு துறைமுகத்தில் கப்பல் ஏறுவது பல வருஷப் பழக்கம். கதவில் போல்ட் சீல் (வெட்டினால்தான் திறக்கும் இரும்பு முத்திரை) இருக்கிறதா என்றும் ஜூம் பண்ணிப் பார். சீல் இல்லையென்றால் அநேகமாக காலிப் பெட்டி, திரும்பப் போகிறது.

செந்தூல்_தண்டவாளம்

அங்கிள் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் கோலாலம்பூர், செந்தூல். நேரம் வேண்டுமென்றால் தலைகீழாகத் தேடுங்கள் தம்பி. இடிஎஸ் 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும், அதற்கு முன்னால் சரக்கு ரயிலை அனுப்பினால் பின்னால் வருவது மாட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் பக்கத்து ஸ்டேஷன் புக்கிட் மெர்தாஜாமில் இடிஎஸ், கொமுட்டர் நேரங்களை ஒரு தாளில் எழுதி, நடுவில் பெரிய இடைவெளி எங்கே என்று பாருங்கள். அங்கேதான் சரக்கு நுழையும். முன்பு கேட் மூடினால் ரயில் வருகிறது என்று தெரியும். இரட்டைப் பாதை போட்டபோது எல்லாவற்றையும் மேம்பாலமாக்கிவிட்டார்கள், அந்தத் துப்பும் போச்சு.

பயணிகள் ரயில் நம்பரில் ஒரு ஒழுங்கு உண்டு. இடிஎஸ்ஸில் இபி என்றால் பிளாட்டினம், இஜி என்றால் கோல்டு, இஎஸ் என்றால் சில்வர், பின்னால் 9இல் தொடங்கும் நான்கு இலக்கம். கிழக்குக்கரை வண்டியில் ஜொகூர் பாருவிலிருந்து தும்பாட் போனது 26, திரும்பியது 27.

தாய்லாந்துக்காரர்கள் திசைகாட்டியைப் பார்த்து நம்பர் போடுவதில்லை. பாங்காக்கை விட்டுக் கிளம்பினால் ஒற்றைப்படை, பாங்காக் நோக்கிப் போனால் இரட்டைப்படை. பாடாங் பெசாருக்கு வருவது 45, போவது 46. (பழைய 35, 36 பட்டர்வொர்த் வரை வரும், 2016 கடைசியோடு நின்றுவிட்டது. எனக்கு இன்னும் வருத்தம்தான்.) ஆனால் அதே விதியில் சியாங் மாய்க்கு வடக்கே போகிற ரயில் ஒற்றைப்படை. எனவே "இரட்டை என்றால் வடக்கு" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் ஒரு சுவாரசியம். சிலாங்கூரிலிருந்து சீனாவின் சோங்சிங் வரைக்கும் ஆசியான் எக்ஸ்பிரஸ் என்று ஒரு சரக்கு ரயில் 2024 ஜூனில் தொடங்கியது. நம் தண்டவாளம், தாய்லாந்துத் தண்டவாளம் இரண்டும் ஒரு மீட்டர் அகலம். லாவோசில் சீனா போட்ட பாதை 1,435 மில்லிமீட்டர். அங்கே பெட்டிகளைத் தூக்கி வேறு வண்டியில் வைப்பார்கள். அந்தச் சரக்கு வடக்கே போகும் வழி உங்கள் புக்கிட் மெர்தாஜாம்தான்.

காட்பாடி_போய்வந்தவன்

இந்தியாவில் வேகனே ஜாதகம் சொல்லும். 11 இலக்கம்: முதல் இரண்டு வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அடுத்த இரண்டு தயாரித்த வருஷம், பிறகு வரிசை எண், கடைசி இலக்கம் சரிபார்க்க. அங்கேயும் சரக்கு ரயிலுக்கு மேடையில் அறிவிப்பெல்லாம் கிடையாது. காட்பாடியில் நின்றால் நாலு பக்கமும் வண்டி வரும், எழுதிக் கை வலித்துவிடும்.

இரவுஷிஃப்ட்_பிறை

அங்கிள், அக்கா, நன்றி. நேற்று காலை ஒரு பெட்டி எண்ணைத் தட்டினேன், முதலில் ஏற்கவில்லை. போட்டோவை மறுபடி பெரிசாக்கிப் பார்த்தால் 6 அல்ல, 8. சரியாகப் போட்டதும் பாடாங் பெசார் என்று வந்தது, ஏறும் துறைமுகம் பினாங்கு. கூட வேலை செய்யும் ஒருவன் இப்போது தானும் எண் அனுப்புகிறான், கேலி போய்விட்டது.

இன்னொரு சந்தேகம். கண்டெய்னர் இல்லாமல், உருண்டையாகத் தொட்டி மாதிரி சாம்பல் படிந்த வேகன்கள் வரிசையாகப் போகின்றனவே, அவை?

பழைய_ஃபார்வர்டிங்

சிமெண்டாக இருக்கும். ஈப்போவுக்கு வடக்கே கந்தான் பக்கம் சுண்ணாம்புக்கல் மலை, அங்கே ஆலை இருக்கிறது. அந்த வேகன் எண்ணை எந்தத் தேடல் பக்கத்திலும் தட்ட முடியாது, அதனால் தேதி, நேரம், எஞ்சின் எண், எந்தத் திசை, எத்தனை வேகன் என்று நோட்டில் எழுதிவை. ஒரு மாதம் எழுதினால் எந்தக் கிழமை எந்த நேரம் என்று உனக்கே பிடிபடும்.

பாலத்தில் நிற்கும்போது செல்ஃபி கம்பை மட்டும் வெளியே நீட்டாதே தம்பி, கீழே 25,000 வோல்ட். மோட்டாரையும் ஓரமாக நிறுத்து, காலையில் லாரிக்காரர்கள் அந்தப் பாலத்தில் கண்மண் தெரியாமல் வருவார்கள்.