காப்-டக்ளஸில் உழைப்பின் பங்கு அசைவதே இல்லையே, ஏன்?

கேள்வி: காப்-டக்ளஸ் சார்பில் (மூலதனமும் உழைப்பும் சேர்ந்து எவ்வளவு உற்பத்தி தரும் என்று காட்டும் சூத்திரம்) மூலதனம் எவ்வளவு குவிந்தாலும் அதன் வருமானப் பங்கு ஆல்ஃபா என்ற மாறாத எண்ணிலேயே நிற்கிறது; மீதியான உழைப்பின் பங்கும் அப்படியே. நிஜத் தரவில் பங்கு மாறுகிறதே?

பதில் 1: அது தரவு சொன்னதல்ல, சார்பிலேயே வைத்துத் தைத்தது. பதிலீட்டு நெகிழ்ச்சியை (சிக்மா: உழைப்புக்குப் பதில் மூலதனத்தை எவ்வளவு எளிதாகப் போடலாம் என்ற அளவு) 1 என்று பூட்டிவிட்டால் வேறு விடை வராது. 1961-ல் ஆரோ, செனரி, மின்ஹாஸ், சோலோ தந்த மாறா நெகிழ்ச்சிச் சார்பை (இதில் சிக்மா 1 அல்லாத நிலையான எண்ணாகவும் இருக்கலாம்) போட்டுப் பாருங்கள். மூலதன-வருமான விகிதத்தை (சிக்மா−1)/சிக்மா என்ற அடுக்குக்கு உயர்த்தினால், அதற்கு நேர்விகிதத்தில் மூலதனப் பங்கு வரும். விகிதம் 3-லிருந்து 4 ஆனால், சிக்மா 1.5 எனில் 30% பங்கு 33% ஆகும், 0.5 எனில் 22.5%-க்கு இறங்கும். மூலதனம் குவியக் குவிய அதன் பங்கும் கூடும் என்ற பொருளாதார அறிஞர் பிக்கெட்டியின் வாதத்துக்கு சிக்மா 1-க்கு மேல் தேவை. சண்டையே அங்குதான்.

பதில் 2: சிக்மாவுக்குப் போகுமுன் தரவைப் பாருங்க. சுயதொழில் வருமானத்தில் கூலியும் லாபமும் கலந்தே கிடக்கும். முழுவதையும் லாபத்தில் சேர்த்தால் ஏழை நாடுகளில் உழைப்பின் பங்கு செயற்கையாகச் சரியும். வருமானம் தேய்மானம் கழித்ததா, கழிக்காததா என்பதையும் கவனிக்கணும்; கணினி, மென்பொருள் சீக்கிரம் தேய்வதால் இரண்டும் வேறு வேறு போக்கு காட்டலாம்.

பதில் 3: உற்பத்திச் சார்பே வேண்டாம் என்பவர் பொருளாதார அறிஞர் கால்டர் (1956). லாபப் பங்கு = (முதலீட்டு விகிதம் − தொழிலாளர் சேமிப்பு விகிதம்) ÷ (முதலாளி, தொழிலாளர் சேமிப்பு விகித வித்தியாசம்). முதலீடு வருமானத்தில் 20%, முதலாளி சேமிப்பு 50%, தொழிலாளர் சேமிப்பு 10% என்றால் லாபப் பங்கு 25%. தொழிலாளர் சேமிப்பைப் பூஜ்யமாக்கினால் 40%. ஆனால் முழு வேலைவாய்ப்பு இல்லாத பொருளாதாரத்தில் இதை அப்படியே போடாதீர்கள்; அங்கே முதலீடு கூடினால் பங்குக்குப் பதில் உற்பத்தியே நகரும்.