பழைய லைக்காவின் எழுத்துப் பொறிப்பு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பெர்லின்வாசி:

பெர்லினில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தை ஒன்றில் சென்ற மாதம் நடந்ததை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது. மேசை விரிப்பின் மேல் பித்தளை பளபளக்க ஒரு லைக்கா, பழைய ஜெர்மன் கேமரா, இருந்தது. மேல்தகட்டில் கழுகு, அதன் கீழே ‘லுஃப்ட்வாஃபன் ஐகன்டூம்’, அதாவது விமானப்படையின் உடைமை என்ற பொறிப்பு. போலிகள் மலிந்த இந்த வகையை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘லைக்கா’ என்ற சாய்வெழுத்தின் தொடக்க வளைவில் கருவி தயங்கி நின்றது போல ஒரு குழி தெரிந்தது. கோடுகளின் ஆழமும் சீராக இல்லை. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே பார்த்தேன். அசல் லைக்காவில் லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டுச் சுழலும் சிறு உருளை இருக்க வேண்டிய இடத்தில், ஆப்பு வடிவத்தில் ஓர் உலோக நுனி நீட்டிக்கொண்டிருந்தது. லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமராக்களின் அடையாளம் அது: 1934 முதல் கார்க்கிவில் செய்த ஃபெட், அல்லது 1948 முதல் கிராஸ்னகோர்ஸ்கில் செய்த ஸோர்க்கி. இரண்டில் ஒன்றின் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு லைக்கா என்று வெட்டியிருக்கிறார்கள்.

லென்ஸை மீண்டும் பூட்டி மேசையில் வைத்தேன். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் அதை இரண்டு கைகளாலும் எடுத்து, தம் தந்தையிடம் இப்படி ஒன்று இருந்தது என்று விற்பவரிடம் சொன்னார். பிறகு 350 யூரோவை எண்ணிக் கொடுத்தார். நான் வாய் திறக்கவில்லை. அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்த காட்சி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

சார்லாந்துக்காரி:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. நான் வாய் திறந்ததால் வந்த வினை. சார்லாந்தில் எங்கள் மாடியில் குடியிருந்த மூதாட்டி, கணவர் விட்டுச்சென்ற கேமராவைக் கொண்டுவந்து இது என்ன பெறும் என்று கேட்டார். லைக்கா 3ஏ என்ற மாதிரி. செய்த நிறுவனத்தையும் ஊரையும் சொல்லும் ‘எர்ன்ஸ்ட் லைட்ஸ் வெட்ஸ்லர்’ என்பதற்குக் கீழே ‘மோந்தே ஆன் ஸார்’, அதாவது சார்லாந்தில் பூட்டியது, என்று பிரெஞ்சில் ஒரு வரி. போலிகளைப் பற்றி அப்போதுதான் நிறையப் படித்திருந்தேன். ஜெர்மன் கேமராவில் பிரெஞ்சுக்கு என்ன வேலை என்று எண்ணி, இதில் யாரோ பிறகு எழுத்து வெட்டியிருக்கிறார்கள், பெரிதாகப் போகாது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நம்பி, வீட்டைக் காலி செய்தபோது மற்றப் பழைய சாமான்களோடு அதையும் ஒருவரிடம் தள்ளிவிட்டார்.

போருக்குப் பின் சார்லாந்து பிரான்சின் பிடியில் தனிப் பகுதியாக இருந்தது; 1957 சனவரியில்தான் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. அந்த இடைக்காலத்தில், 1950, 51 வாக்கில், லைட்ஸ் நிறுவனம் அங்குள்ள சாங்க்ட் இங்பெர்ட்டில் சில நூறு 3ஏ கேமராக்களைப் பாகம் பாகமாகப் பூட்டி அனுப்பியது. அந்தப் பிரெஞ்சு வரிதான் அவற்றின் அடையாளம், சேகரிப்பாளர்கள் தேடி அலைவதும் அதையே. இதை நான் அறிந்தது எட்டு மாதங்களுக்குப் பிறகு.

எண்பட்டியல்:

பெர்லின் நண்பரே, உருளையைப் பார்த்து முடிவு செய்தது சரி. ஆனால் கோட்டின் ஆழத்தையும் வளைவின் குழியையும் சான்றாக முன்வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுபது, எண்பது ஆண்டுகள் கைபட்டுத் தேய்ந்த மேல்தகட்டில், வண்ணம் பாதி உதிர்ந்த எழுத்து எப்படியும் சீரற்றுத்தான் தெரியும்.

என் தந்தையார் 1960களில் பயிற்சிக்காக மேற்கு ஜெர்மனி சென்றபோது வாங்கிவந்த லைக்கா 3 எங்களிடம் இருக்கிறது. அதன் தொடர் எண் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். பழுது பார்க்கக் கொடுத்தபோது அந்தக் கடைக்காரர், இந்த எண் 1930ஐச் சேர்ந்தது, லைக்கா 3 வந்ததோ 1933இல், ஆகவே எண்ணே பொய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அப்பா அதை வெளியில் எடுத்ததில்லை. அவர் மறைந்த பின்புதான் லென்ஸைக் கழற்றி, இணைப்பு வளையத்தின் உச்சியில் கடுகளவு ‘0’ ஒன்று பொறித்திருப்பதைக் கண்டேன். லென்ஸ் மாற்றக்கூடிய முதல் லைக்காக்களில் ஒவ்வொரு லென்ஸையும் அதன் உடலுக்கென்றே பொருத்தி, உடல் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை லென்ஸில் பொறித்தார்கள். எந்த லென்ஸும் எந்த உடலுக்கும் பொருந்தும்படி அளவை நிலைப்படுத்திய பிறகு வந்த குறி அந்த ‘0’. பழைய உடலை வெட்ஸ்லருக்கு அனுப்பினால் அதைப் புதிய மாதிரியாக மாற்றி, பழைய எண்ணையே வைத்துத் திருப்பித் தருவார்கள். அப்பாவின் கேமரா அப்படி மாற்றியது. இதை அவரிடம் சொல்லக் கொடுத்து வைக்கவில்லை.

பூதக்கண்ணாடி:

எண்பட்டியல் ஐயா, எண்ணை இந்த அளவுக்கு நம்ப வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. எந்த எண் எந்த ஆண்டுக்குரியது என்ற பட்டியலைப் போலி செய்பவரும் பார்த்துத்தான் எண் வெட்டுகிறார். என் அனுபவம் சிறியது. லைக்கா 3எஃப் ஒன்றைச் சுத்தம் செய்யலாம் என்று துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். ‘வெட்ஸ்லர்’ என்ற சொல்லின் கருமை முழுவதும் துணிக்கு வந்துவிட்டது. எழுத்துகள் வெறும் பள்ளங்களாக நின்றன. அதனால் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பள்ளத்தில் எஞ்சியிருக்கும் வண்ணத்தைத் தொடாதீர்கள், புதிதாக நிரப்பவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பாருங்கள்: குரோம் பூச்சு பள்ளத்தின் விளிம்பில் அறுபட்டு, உள்ளே பூச்சற்ற வெறும் பித்தளை தெரிந்தால், பூச்சுக்குப் பிறகு வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள், அதனால் மட்டும் அது போலியாகிவிடாது, ஏனெனில் உரிமையாளரோ அலுவலகமோ பின்னால் பெயர் பொறித்ததும் உண்டு. ‘டி.ஆர்.பி.’ என்பது ரைக் என்ற பழைய ஜெர்மன் அரசின் காலக் காப்புரிமைக் குறி. ரைக் 1945இல் முடிந்துவிட்டதே என்று 1950இல் வந்த 3எஃப்பைச் சந்தேகிக்காதீர்கள், அதிலும் அதே குறிதான் இருக்கிறது. ‘டி.பி.பி.’ என்ற மேற்கு ஜெர்மன் கூட்டாட்சிக் காப்புரிமைக் குறியை 1954இல் வெளிவந்த லைக்கா எம்3இல் பார்க்கலாம். போர்க்கால 3சியில் எண்ணுக்குப் பின்னால் வரும் ‘கே’ என்ற எழுத்தைக் குளிர் தாங்கும் என்பதன் குறி என்று பலர் சொல்வார்கள். அது ஷட்டரில் உள்ள குண்டு பேரிங்கைக் குறிப்பது. 3 என்ற பெயரில் ஒன்றை விற்றால், முன்பக்கம் மெதுவேகத் திருகுவட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஃபெட்டிலும் முதல் ஸோர்க்கியிலும் அது கிடையாது. லென்ஸில் லைட்ஸ் லென்ஸின் பெயரான ‘எல்மார்’ என்று எழுதியிருந்தால், ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திறப்புத் தகடுகள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். எல்மாரில் அவை முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும்; ஸோர்க்கியோடு வந்த இண்டஸ்டார் 22இல் இரண்டாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். பெயரை மாற்றி வெட்டலாம், கண்ணாடிகளின் வரிசையை யாரும் மாற்றுவதில்லை.

பெர்லின்வாசி:

எண்பட்டியல் ஐயா சொன்னதை ஏற்கிறேன். உருளையைப் பார்த்திராவிட்டால் அந்தக் குழியை வைத்து நான் எதையும் சொல்லியிருக்கக் கூடாது. பூதக்கண்ணாடி சொன்ன திருகுவட்டும் அதில் இல்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அடுத்த இரண்டு ஞாயிறுகளும் சந்தைக்குப் போய்ப் பார்த்தேன். விற்பவர் இருந்தார், மேசையில் அதே பளபளப்போடு இன்னொன்றும் இருந்தது. முதியவரைக் காணவில்லை.

சார்லாந்துக்காரி:

உங்கள் முதியவரிடம் இருப்பது படம் எடுக்கும் கேமராவாகவாவது இருக்கும். நல்ல ஸோர்க்கி நன்றாகவே படம் எடுக்கும். எனக்கு ஓர் உதவி வேண்டும். ‘மோந்தே ஆன் ஸார்’ வரியோடு ஒரு 3ஏ உங்களில் யார் கைக்கு வந்தாலும், அதன் தோலுறையைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்மடிப்பில், தையலை ஒட்டி, நீல மையில் ஓர் ஆண்பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் சிறிய நங்கூரப் படம் ஒன்றும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த அம்மையார் இப்போது மகளோடு இருக்கிறார். முகவரி என்னிடம் இருக்கிறது.